கழுவிப் போன கசடு: நிறுவனத்தின் அறிவை உயிரியலின் கண்ணால் பார்த்தால்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஓர் ஊர். அங்கே ஒய்-12 என்ற அணு ஆயுதத் தொழில் வளாகம் இருக்கிறது. 1975 முதல் 1989 வரை அந்த வளாகத்தில் ஒரு பொருளைத் தயாரித்தார்கள். அதன் சங்கேதப் பெயர் ஃபாக்பேங்க். அது என்ன பொருள், என்ன வேலை செய்கிறது என்பது இன்றுவரை ரகசியம். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் டிரைடன்ட் ஏவுகணைகளின் டபிள்யூ-76 குண்டுக்குள் அது இருக்கிறது என்பது மட்டும் வெளியே தெரியும். வேண்டிய அளவு செய்து முடித்ததும் உற்பத்தியை நிறுத்தினார்கள். பிறகு, செய்த கூடத்தையும் மூடினார்கள்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்தக் குண்டுகளின் ஆயுளை நீட்டிப்பது என்று முடிவானது. ஃபாக்பேங்க் மறுபடியும் தேவைப்பட்டது. எடுத்துப் பார்த்தால் செய்முறைக் குறிப்புகள் கொஞ்சம்தான் இருந்தன. அதைச் செய்த கைகள் ஏறக்குறைய எல்லாமே ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ போயிருந்தன. சரி, இருப்பதை வைத்துச் செய்வோம் என்று புதிய கூடம் கட்டி, பழைய படிகளை ஒன்றுவிடாமல் பின்பற்றினார்கள். பொருள் வந்தது, ஆனால் தரம் நிலையாக இல்லை. ஒரு தடவை சரியாக வந்தால் இன்னொரு தடவை வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2009 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தச் சிக்கலைத் தீர்க்க மட்டும் 6.9 கோடி டாலர் செலவானது. திட்டமும் தள்ளிப்போனது.

கடைசியில் கிடைத்த விடைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அந்தக் காலத்தில் மூலப்பொருள் ஒன்றில் ஒரு கசடு கலந்திருந்தது. அன்றைய சுத்திகரிப்பு முறையால் அதை முழுதாக நீக்க முடியவில்லை. புதிய கூடத்தில் சுத்திகரிப்பு நன்றாக நடந்தது, கசடு கழுவிப் போய்விட்டது. பொருளுக்கு வேண்டிய குணத்தைத் தந்துகொண்டிருந்தது அந்தக் கசடுதான். பழைய ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் அவர்களால் சொல்லியிருக்க முடியாது. அவர்களுக்கே அது தெரியாது.

அப்படியானால் ஃபாக்பேங்க் செய்யும் அறிவு யாரிடம் இருந்தது? குறிப்பேட்டில் இல்லை. எந்த ஒரு ஆளின் தலைக்குள்ளும் முழுதாக இல்லை. பழைய குழாய், அரைகுறைச் சுத்திகரிப்பு, குறிப்பிட்ட மூலப்பொருள், அதைக் கையாண்ட ஆட்கள், அவர்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்த ஓட்டத்தில் அது இருந்தது. ஓட்டம் நின்றதும் அறிவும் நின்றுவிட்டது.

அறிவு மேலாண்மை என்ற பெயரில் 1990-களில் உலகம் முழுக்க நிறுவனங்கள் பெரும் பணம் செலவழித்தன. அதன் அடியில் இருந்த படம் ஒரு கிடங்கு. ஊழியரின் தலைக்குள் இருப்பதை எடுத்து, ஆவணமாக்கி, அடுக்கிவைத்துவிட்டால் போதும். வேண்டியபோது வேண்டியவர் எடுத்துக்கொள்வார். இந்தப் படம் முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. விமானப் பராமரிப்புக்கும் மருந்துத் தயாரிப்புக்கும் எழுதிய ஆவணம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் கிடங்கு என்ற படத்தில் பெரிய குறை ஒன்று உண்டு. கிடங்கில் வைத்த மூட்டை, நீங்கள் பூட்டிவிட்டுப் போனாலும் அங்கேயே இருக்கும். அறிவு அப்படி இருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள உயிரியலாளர்கள் வேறொரு படத்தைத் தருகிறார்கள்.

வியன்னாவில் படித்த உயிரியலாளர் லுட்விக் வான் பெர்டலன்ஃபி, உயிருள்ளவற்றைத் திறந்த அமைப்புகள் என்று விளக்கினார். கல் தன் பொருளைப் பிடித்துவைத்துக்கொண்டு கல்லாக இருக்கிறது. உயிர் தன் பொருளை விட்டுக்கொண்டே உயிராக இருக்கிறது. நம் ரத்தத்தின் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகிறது. நான்கு மாதத்துக்கு முன் உங்கள் ரத்தத்தில் ஓடிய சிவப்பணுக்கள் பெரும்பாலும் இப்போது இல்லை. இருந்தும் நீங்கள் நீங்களாகவே இருக்கிறீர்கள். நிலைப்பது பொருள் இல்லை, ஒழுங்கு. அந்த ஒழுங்கைத் தாங்க வெளியிலிருந்து உணவும் காற்றும் வந்துகொண்டே இருக்க வேண்டும், கழிவு போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

நிறுவனமும் இப்படித்தான் ஓடுகிறது. ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். நூறு வருட நிறுவனத்தில் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த ஒருவரும் இன்று இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று தொடர்கிறது.

இந்த 'ஏதோ ஒன்று' எங்கே தங்குகிறது என்பதற்கு எறும்புகள் நல்ல சான்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெபோரா கார்டன், அரிசோனா பாலைவனத்தில் விதை சேகரிக்கும் சிவப்பு எறும்புகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார். அந்த எறும்புக் கூட்டம் ஒன்று இருபது வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், ராணி எறும்பு அவ்வளவு காலம் வாழும். வேலைக்கார எறும்பின் ஆயுளோ ஒரு வருடம்தான். கார்டன் கண்டது இது: வயதான கூட்டம் ஒன்றைத் தொந்தரவு செய்தால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சமாளிக்கிறது. இளைய கூட்டம் தடவைக்குத் தடவை தடுமாறுகிறது. இத்தனைக்கும் இரண்டிலும் உள்ள எறும்புகளின் வயது ஒன்றுதான், எல்லாமே அந்த வருடம் பிறந்தவை. ராணி யாருக்கும் உத்தரவு போடுவதும் இல்லை. பெரிய கூட்டத்தில் எறும்பும் எறும்பும் அடிக்கடி சந்தித்து உணர்கொம்பால் தொட்டுக்கொள்கின்றன. அந்தச் சந்திப்புகளின் எண்ணிக்கையிலும் வேகத்திலும்தான் கூட்டத்தின் நிதானம் இருக்கிறது. எந்த ஓர் எறும்பைப் பிரித்துப் பார்த்தாலும் அதை எடுக்க முடியாது.

இதைப் படித்தபோது என் மனதில் வந்தது அலுவலகத்தின் டீக்கடை இடைவேளை. கூட்ட அறையில் பேசாத எவ்வளவோ விஷயம் அங்கேதான் கை மாறுகிறது. செலவைக் குறைக்கிறேன் என்று ஒரு குழுவை இரண்டு ஊருக்குப் பிரிக்கும்போது ஆட்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், சந்திப்புகள் பாதியாகிவிடும். எந்தக் கணக்கிலும் அந்த நஷ்டம் தெரியாது.

ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு 1980-களில் வந்தது. ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் நகல் இயந்திரம் பழுது பார்க்கும் தொழில்நுட்பர்களோடு கூடவே சுற்றினார். அவர்களிடம் தடிமனான கையேடு இருந்தது. இயந்திரம் காட்டும் பிழை எண்ணைப் பார், அதற்குரிய பக்கத்துக்குப் போ, சொல்லியபடி செய். நிறுவனத்தின் கண்ணில் இவ்வளவுதான் அந்த வேலை. ஜூலியன் ஓர் பார்த்ததோ வேறு. இயந்திரம் ஒரு பிழை எண்ணைக் காட்டுகிறது, நடப்பது வேறு கோளாறு. கையேட்டில் வழியில்லை. இயந்திரத்தையே மாற்றிவிட்டால் வாடிக்கையாளர் முன் மானம் போகும். தொழில்நுட்பரும் உதவிக்கு வந்த மூத்தவரும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, 'அன்னைக்கு ஒரு மெஷின் இப்படித்தான் பண்ணுச்சு' என்கிற மாதிரி ஒருவருக்கொருவர் கதை சொல்லத் தொடங்குகிறார்கள். இவர் ஒரு கதை, அவர் ஒரு கதை. நடு நடுவே இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள். கதைக்குள் கதை பொருந்திக்கொண்டே வந்து, கடைசியில் கோளாறு பிடிபடுகிறது. காலை உணவின்போதும் மதிய உணவின்போதும் அவர்கள் கூடிப் பேசுவதை மேலே இருப்பவர்கள் வீண் நேரம் என்று நினைத்திருக்கலாம். வேலையின் முக்கியமான பாதி அங்கேதான் நடந்தது.

பிற்பாடு ஜெராக்ஸ் இதிலிருந்து 'யுரேகா' என்ற ஒன்றை உருவாக்கியது. தொழில்நுட்பர்கள் தாங்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிகளை எழுதிப் போட, மற்ற தொழில்நுட்பர்கள் சோதித்துச் சரி என்று சொன்ன பின்தான் அது ஏறும். எழுதுபவருக்குப் பணம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது அவர்கள் வேண்டாம் என்றார்கள். குறிப்போடு தங்கள் பெயர் இருந்தால் போதும் என்பதே அவர்கள் விருப்பம். இதுவும் ஒரு தரவுத்தளம்தான், கிடங்குதான். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கதைப் பேச்சின் மேல் அதைக் கட்டினார்கள். உயிருள்ள உடம்பின் மேல் போட்ட சட்டை மாதிரி அது பொருந்தியது. பல நிறுவனங்கள் சட்டையை மட்டும் தைத்து ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, ஏன் அது நடக்கவில்லை என்று கேட்கின்றன.

எழுத வராத அறிவு என்று ஒன்று இருப்பதைத் தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் கைப்பக்குவம் என்ற சொல் இருக்கிறது. பாட்டியின் ரசத்தை அளவு குறித்து வைத்துக்கொண்டு செய்தாலும் அது பாட்டியின் ரசமாக வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றும் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த இரண்டு அறிவும் மூளைக்குள்ளேயே வேறு வேறு இடத்தில் தங்குகின்றன என்று காட்டியவர் ஒரு நோயாளி.

மருத்துவ உலகில் ஹெச்.எம். என்ற எழுத்துகளால் அறியப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. பேசிவிட்டு வெளியே போன டாக்டர் சில நிமிடத்தில் திரும்பி வந்தால் புதிய ஆள் மாதிரி வரவேற்பார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். காகிதத்தில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். அந்த இரு கோட்டுக்கும் நடுவே பென்சிலால் வரைய வேண்டும், ஆனால் கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரைய வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மூலைக்கு வந்ததும் கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மொலைசன் முதல் நாள் தடுமாறினார். மூன்று நாளில் சுத்தமாக வரைந்தார். ஒவ்வொரு நாளும் அவரைக் கேட்டால், இதை முன்பு செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். கை கற்றுக்கொண்டது, கற்றது அவருக்கே தெரியாது.

ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவரிடம், உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று படிவத்தை நீட்டும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் மறைக்கவில்லை. அவர் அறிவில் ஒரு பகுதிக்கு அவரே சாட்சி இல்லை.

அந்தப் பகுதியை எடுக்க என்னதான் வழி? ஜப்பானிய மேலாண்மை அறிஞர் இகுஜிரோ நோனாகா எழுதிப் பிரபலமாக்கிய ஒரு சம்பவம் இருக்கிறது. 1985-இல் ஒசாகாவில் மட்சுஷிடா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. ரொட்டியின் வெளிப்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். மென்பொருள் பிரிவில் இருந்த இகுகோ தனாகா, அந்த ஊரிலேயே நல்ல ரொட்டிக்குப் பெயர் பெற்ற ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பக்கத்தில் நின்று மாவு பிசையக் கற்றுக்கொண்டார். ஒருநாள்தான் கவனித்தார், அவர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். அந்த முறுக்கை இயந்திரத்துக்குள் கொண்டுவர, உட்புறத்தில் வரம்புகள் மாதிரி சில மேடுகளைச் சேர்த்தார்கள். ரொட்டி சரியாக வந்தது. எழுதக் கேட்டிருந்தால் ரொட்டிக்காரர் முறுக்கைப் பற்றி எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்று தன் கையையும் மாவில் வைத்த ஆளுக்குத்தான் அது தெரிந்தது.

பக்கத்தில் நிற்பது மட்டும் போதாது, எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்பதும் முக்கியம். இதைச் சொல்லும் ஆய்வு 2023-இல் சயன்ஸ் இதழில் வந்தது, தேனீக்கள் பற்றியது. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டுக்குள் உடம்பை ஆட்டி ஆடும் ஆட்டத்தால் திசையையும் தூரத்தையும் மற்ற தேனீக்களுக்குச் சொல்லும். இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்ததற்காகக் கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆட்டம் பிறவியிலேயே வருவது என்றுதான் வெகுகாலம் எண்ணம். 2023 ஆய்வில், மூத்த தேனீயே இல்லாத, ஒரே வயது இளம் தேனீக்கள் மட்டும் உள்ள கூடுகளை உண்டாக்கினார்கள். அந்தத் தேனீக்களும் ஆடின. ஆனால் கோணம் சிதறியது, தூரமும் தவறியது. நாளாக ஆகக் கோணம் திருந்திவிட்டது. தூரத்தைச் சொல்வதில் இருந்த பிழை மட்டும் சாகும்வரை திருந்தவே இல்லை. சாதாரணக் கூட்டில் இளம் தேனீ முதல்முறை ஆடுவதற்கு முன் மூத்த தேனீயின் ஆட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் பின்தொடரும். அந்தச் சில நாள் வாய்ப்பு தவறினால் ஒரு பகுதி அறிவு பிறகு எவ்வளவு அனுபவம் வந்தாலும் கிடைப்பதில்லை.

நம் ஐ.டி. அலுவலகங்களில் கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அறிவை ஒப்படைத்தல்) என்று ஒன்று நடக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போகும் முன், நோட்டீஸ் காலத்தில் தன் இடத்துக்கு வருபவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு கே.டி.யில் உட்கார்ந்திருந்தேன். இரவில் ஓடும் ஒரு வேலையைக் காட்டி, போகிறவர் சொன்னார்: "தம்பி, இது மாசக் கடைசியில நின்னு போகும். நின்னா உடனே ஓட்டாதீங்க. பத்து நிமிஷம் விட்டு ஓட்டுங்க." நான் எழுதிக்கொண்டேன். ஏன் பத்து நிமிடம் என்று கேட்கத் தோன்றவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சில மாதம் கழித்து எங்கள் குழுவில் ஒருவர், நின்றால் உடனே தானாக மறுபடி ஓடும்படி மாற்றி வைத்தார். நல்ல எண்ணம்தான். அந்த மாதக் கடைசியில் வேறொரு பிரிவிலிருந்து வரவேண்டிய கோப்பு வந்துசேரும் முன்பே வேலை ஓடி, முந்தைய நாள் கணக்கை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பத்து நிமிடம் என்பது அந்தக் கோப்பு வரும் நேரம். ஃபாக்பேங்க் கதையை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்கும் கசடு கழுவிப் போயிருந்தது.

அவரோடு நான் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால், ஏதாவது ஒரு மாதக் கடைசியில் அந்தக் கோப்பு வருவதை நானே கண்ணால் பார்த்திருப்பேன். கே.டி. தொடங்கும்போது ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது. மூத்தவரும் இளையவரும் ஒன்றாக வேலை செய்யும் காலத்தை முன்கூட்டியே, சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற நிறுவனம்தான் அறிவைக் காப்பாற்றுகிறது. ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு பேர் என்று கேட்கிற நிறுவனம், இளம் தேனீக்கள் மட்டும் உள்ள கூட்டைத் தன் கையாலேயே செய்துகொள்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அறிவைத் தக்கவைப்பது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு உணர்வதும் அதே அளவு தேவை. வலி தெரியாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், உடைந்த காலோடு ஓடுவார்கள். டொயோட்டா ஆலைகளில் கார் நகரும் வரிசைக்கு மேலே ஓடும் 'அண்டோன்' என்ற எச்சரிக்கைக் கயிறு, அந்த நிறுவனத்தின் வலி நரம்பு. கோளாறு கண்ட தொழிலாளி அதை இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார், குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நம்மி என்ற ஆலையைத் தொடங்கின. அதே இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் முன்பு நடத்தி, 1982-இல் மூடிய ஆலை மோசமான பெயர் எடுத்தது. அங்கே வேலை பார்த்தவர்களையே பெரும்பாலும் திரும்ப எடுத்தார்கள். ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா தொழிலாளிகளின் பக்கத்திலேயே நிற்கவைத்துப் பழக்கினார்கள். தரம் தலைகீழாக மாறியது.

ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோக முயன்றபோது பல வருடம் தடுமாறியது. கயிற்றைக் கட்டுவது எளிது. இழுத்தவரைத் திட்டாத மேலாளர், ஓடி வரும் குழுத் தலைவர், நின்ற வரிசைக்காகக் கோபப்படாத தலைமை எல்லாம் சேர்ந்தால்தான் கயிறு நரம்பாகும். உறுப்பு மாற்று அறுவையில் நல்ல சிறுநீரகத்தையே உடம்பு அந்நியம் என்று தாக்குகிறதே, அது போலத்தான். வெளியிலிருந்து வரும் நல்ல வழக்கத்தைப் பழைய வழக்கங்கள் சேர்ந்து நிராகரிக்கும். 'சிறந்த நடைமுறை' என்று ஓரிடத்தில் பார்த்ததை அப்படியே பெயர்த்துவந்து வைப்பவர்கள் இந்த நிராகரிப்பை எதிர்பார்ப்பதே இல்லை.

மறதியைப் பற்றியும் உயிரியல் சொல்கிறது. எறும்பு போகும் வழியில் விடும் ஃபெரோமோன் என்ற வாசனைப் பொருள் ஆவியாகிவிடும். உணவு இருக்கும்வரை எறும்புகள் போய் வந்து வாசனையைப் புதுப்பிக்கும். உணவு தீர்ந்ததும் போக்குவரத்து குறையும், வாசனை மங்கும், தப்பான வழி தானாக அழியும். நிறுவனத்தின் விக்கிப் பக்கமோ 2014-இல் எழுதியது அதே நிறத்தில், அதே எழுத்தில் இன்றும் நிற்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு எது இன்றைய வழி, எது செத்த வழி என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆயுள் வைத்து, அதற்குள் யாராவது படித்து 'இன்றும் சரிதான்' என்று சொல்லாவிட்டால் மங்கிப் போகும்படி செய்வது கஷ்டமான காரியம் இல்லை. ஆவணம் எழுதியதைக் கொண்டாடும் அளவு, அழித்ததையும் கொண்டாட வேண்டும்.

நிறுவனத்தை உடம்பாகப் பார்ப்பதில் முழுமூச்சாக இறங்கியவர் பிரிட்டனின் ஸ்டாஃபோர்டு பியர். மனித நரம்பு மண்டலத்தை மாதிரியாக வைத்து, பிழைத்திருக்கும் எந்த அமைப்புக்கும் ஐந்து பகுதிகள் வேண்டும் என்று ஒரு கட்டமைப்பை வகுத்தார். 1971-இல் சிலி நாட்டின் அயெந்தே அரசு அவரை அழைத்தது. அரசுடைமையான ஆலைகளை, கம்பி வழியே தட்டச்சுச் செய்தி அனுப்பும் டெலக்ஸ் இயந்திரங்களால் இணைத்து, உற்பத்தியின் நாடித்துடிப்பைப் பார்க்கும் சைபர்சின் திட்டம் அப்படித்தான் பிறந்தது. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்து நாட்டை முடக்கியபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே லாரி இருக்கிறது, எங்கே என்ன பற்றாக்குறை என்ற தகவல் அந்த டெலக்ஸ் வழியே ஓடியது. 1973 செப்டம்பர் 11-ஆம் தேதி ராணுவப் புரட்சியோடு எல்லாம் முடிந்தது. பியரைப் பற்றிப் பேசுபவர்கள் சாந்தியாகோவில் அவர் அமைத்த, ஏழு நாற்காலி போட்ட கட்டுப்பாட்டு அறையின் படத்தைத்தான் காட்டுவார்கள். எனக்கு அந்த டெலக்ஸ் கம்பிகள் முக்கியமாகப் படுகின்றன. ஆலைக்கும் ஆலைக்கும் நடுவே பேச்சு நடந்தது.

அதே சாந்தியாகோவில் அதே வருடங்களில் உயிரியலாளர்கள் உம்பெர்டோ மத்துரானாவும் ஃபிரான்சிஸ்கோ வரேலாவும், உயிர் என்பது தன்னைத் தானே ஆக்கிக்கொண்டே இருக்கும் வலைப்பின்னல் என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். செல் தன் சவ்வைத் தானே செய்கிறது, அந்தச் சவ்வுக்குள்தான் செல் இருக்க முடிகிறது. இதை நிறுவனங்களுக்குப் பொருத்தியவர்கள் பலர். வெளியிலிருந்து வரும் தகவல் அப்படியே உள்ளே இறங்குவதில்லை, உள்ளே இருப்பவர்கள் தங்கள் பழைய அறிவால் அதை வேறொன்றாக்கித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற அளவில் எனக்கு இது பயன்படுகிறது. அதற்கு மேல் போய் நிறுவனம் நிஜமாகவே ஓர் உயிர் என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை.

ஏனென்றால் உவமை ஓரிடத்தில் நிச்சயமாக முறிகிறது. என் கல்லீரல் செல்லுக்கு என்னைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. அது ராஜினாமா செய்யாது, வேறு உடம்பில் கூடுதல் சம்பளம் கேட்காது. மனிதர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, பயம் இருக்கிறது. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்த இடத்தில், தனக்கு மட்டும் தெரிந்ததை ஒருவர் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆட்களை அனுப்புவதைக் 'கொழுப்பைக் குறைத்தல்' என்று உடம்பு மொழியில் பேசுவதும் இந்த உவமையின் பெயரால்தான் நடக்கிறது. அனுப்பப்படுபவர் கொழுப்பு இல்லை. பல நேரம் அந்தப் பத்து நிமிடத்தைத் தெரிந்தவர் அவர்தான்.

இங்கே செல்லைவிடப் பறவைகள் பொருத்தமான பாடம். இங்கிலாந்தில் வீட்டு வாசலில் வைக்கும் பால் புட்டியின் மூடியைத் திறந்து பாலாடை குடிக்கப் பட்டாணிக் குருவி இனத்துச் சிறு பறவைகள் பழகின. 1921-இல் சவுத்தாம்ப்டன் பக்கம் முதலில் பதிவான இந்தப் பழக்கம், 1940-களின் கடைசிக்குள் நாட்டின் பல பகுதிகளில் காணப்பட்டது. தனித்தனி ராபின் பறவைகளும் மூடி திறக்கக் கற்றன, ஆனால் அந்தப் பழக்கம் ராபின்களிடையே பரவவில்லை. குருவிகள் கூட்டமாகத் திரியும். ராபின் தன் எல்லைக்குள் இன்னொரு ராபினை விடாது. ஷெல் நிறுவனத்தின் திட்டப் பிரிவில் இருந்த ஆரி டி கியூஸ், நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன என்று பேசும்போது இந்த ஒப்பீட்டை எடுத்துச் சொன்னார். பெல் கர்வ் போட்டு, பத்துப் பேரில் ஒருவரைக் கட்டாயம் கீழே தள்ளும் மதிப்பீட்டு முறை வைத்திருக்கும் நிறுவனம், குருவிகளை வேலைக்கு எடுத்து ராபின்களாக மாற்றுகிறது. பிறகு அறிவைப் பகிருங்கள் என்று சுவரொட்டி ஒட்டுகிறது.

ஜப்பானின் மியே மாகாணத்தில் இசே என்ற ஊரில் உள்ள ஷின்டோ கோயிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். முதல்முறை இப்படிப் புதிதாகக் கட்டியது 690-இல். ஹினோகி மரத்தால் ஆன பிரதான மண்டபத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவில் காலி மனை ஒன்று இருக்கும். புதியது அந்த மனையில் எழும், தெய்வத்தை அங்கே கொண்டுபோவார்கள், பிறகு பழையதைப் பிரித்துவிடுவார்கள். 15, 16-ஆம் நூற்றாண்டுகளின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 வருடத்துக்கும் மேல் இது தடைபட்டு, மறுபடி தொடங்கியது. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. ஃபாக்பேங்க் கூடம் சும்மா இருந்த காலத்தைவிட இங்கே ஒரு கட்டுமானத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அதிகம். ஆனால் நடுவில் பாலத்தையும் சிறிய சன்னதிகளையும் மாற்றுவது என்று தச்சர்களுக்கு வேலை ஓடிக்கொண்டே இருக்கும், ஆயத்தச் சடங்குகளும் எட்டு வருடம் முன்பே தொடங்கிவிடும். இருபதுகளில் இருக்கும் தச்சர் முதல் தடவை மரம் இழைத்துக் கொடுப்பார். நாற்பதுகளில் அவரே முன்நின்று கட்டுவார். அறுபதுகளில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்.

அடுத்தது 2033-இல். மலைக்குள் மரம் வெட்டப் போவதற்கான முதல் சடங்கு 2025-இல் நடந்துவிட்டது. 2013-இல் இழைத்துக் கொடுத்த இளைஞர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். காலி மனையில் வெள்ளைக் கூழாங்கற்கள் பரவிக் கிடக்கின்றன.